பெண் வேட்பாளர், மலையக வேட்பாளர்: எதைப் பார்த்து ஓட்டுப் போடுவது?

பொகவந்தலாவை மாதர் குழு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மாகாண சபைத் தேர்தல் எப்போது வருமோ தெரியாது, ஆனால் இங்கே இலங்கை மலையகத்தில், எங்கள் தோட்டப் பக்கம் யாரை நிறுத்துவது என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. தோட்டத்துப் பெண்களைக் கூட்டி ஒரு நாள் பேசலாம் என்று இருக்கிறோம். வழக்கமாக வரும் பேச்சு இவைதான்: "பொம்பளைக்குப் போட்டா புருஷன்தான் வந்து பேசுவான்." "நம்ம தொழிற்சங்கம், நம்ம ஆளு, அதுக்கு மேல என்ன பார்க்கணும்?" "சிங்களக் கட்சி லிஸ்ட்டுல நிக்கிற தமிழ்ப் பிள்ளைக்குப் போட்டா தமிழ் ஓட்டுச் சிதறிப் போகும்."

இவற்றுக்கு என்ன பதில் சொல்வது? விருப்பு வாக்கை வைத்து ஒரு பெண்ணை உண்மையிலேயே உள்ளே அனுப்ப முடியுமா? மேடைப் பேச்சு வேண்டாம், சட்டமும் கணக்கும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஊவா ஓடை எழுதியது:

தங்கச்சி, ஓட்டுச் சீட்டு கைக்கு வரும் நேரம் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. வேட்புமனு எழுதும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் 39 பேரின் மனு ஏற்கப்பட்டது. ஒருவர்கூடப் பெண் இல்லை. 2019இல் 35 பேரில் ஒரே ஒரு பெண். வாக்காளர்களில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கிற நாடு இது. பெண்ணுக்கு ஓட்டுப் போட மாட்டோம் என்று மக்கள் சொல்வதற்கு முன்பே கட்சிகள் அதைச் சொல்லிவிட்டன.

"நம்ம ஆளு" என்ற வாதத்துக்கு நம் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. 1947இல் தோட்டத்து மக்கள் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி ஓட்டையும் பறித்தார்கள். அந்தக் காலத்தில் தமிழ்க் காங்கிரஸ் அமைச்சரவைக்குள் இருந்தது. அதை ஏற்காமல்தான் அந்தக் கட்சியில் இருந்த செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஒரே மொழி பேசுகிறவர் என்பது மட்டும் காப்பாற்றவில்லை.

பெண் என்பதும் அப்படித்தான். 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமர் நம் நாட்டில் வந்தார். அதே சிறிமாவோ பண்டாரநாயக்காதான் 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் போட்டு, மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை கொடுக்கவும் கையெழுத்து வைத்தார். மீதி 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி முடிய 1986, 1988, 2003 என்று பல சட்டங்கள் தேவைப்பட்டன.

"அப்போ யாரா இருந்தா என்ன?" என்று இதைக் கேட்டுவிட்டுச் சொல்வார்கள். அங்கே விடாதீர்கள். தோட்டத்துக்காரர் ஒருவர் சபையில் இருந்தால் நியாயம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஒருவருமே இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 1952இலிருந்து 1977 வரை மலையகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இல்லை. 1977இல் நுவரெலியா மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியில் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் மூன்றாவது உறுப்பினராக வந்த பிறகுதான் அமைச்சரவை வாசல் திறந்தது. அந்த 1964 ஒப்பந்தம் எழுதியபோது நம் பெண்கள் யாராவது அறைக்குள் இருந்தார்களா என்று கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

நம் பெண்களுக்கு மேடை புதிது என்பதும் பொய். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரோடு அவர் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடி ஆள் சேர்த்தார். அப்படியிருந்தும் மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குப் போனது 2024 நவம்பரில்தான்: நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல். கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், சந்தா கட்டுகிறவர்களும் அவர்கள்தான். சங்கங்களின் பட்டியலில் அவர்கள் பெயர் மேலே வரவில்லை.

---

கணக்கப்பிள்ளை பேரன் எழுதியது:

கணக்குப் பகுதியை நான் சொல்கிறேன். பாராளுமன்றத் தேர்தலை வைத்துப் பார்ப்போம். நுவரெலியா மாவட்டத்துக்கு 8 ஆசனம். ஒரு கட்சி நிறுத்தக்கூடியது 11 பேர், அதாவது ஆசனத்தோடு மூன்று கூட. கட்சிக்கு ஒரு புள்ளடி (X), அந்தக் கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் அதிகபட்சம் மூன்று புள்ளடி. இந்த மூன்றுதான் விருப்பு வாக்கு.

ஆசனம் பிரிப்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். செல்லுபடியான ஓட்டு 3,50,000. 'அ' கட்சிக்கு 1,60,000. 'ஆ' கட்சிக்கு 1,00,000. 'இ' கட்சிக்கு 70,000. மிச்சம் 20,000 சின்னச் சின்னக் குழுக்களுக்கு. முதலில் வந்த 'அ'வுக்கு ஒரு போனஸ் ஆசனம் போய்விடும். 5 வீதம், அதாவது 17,500 எடுக்காத குழுக்கள் கழிக்கப்படும். மீதி 3,30,000ஐ 7ஆல் வகுத்தால் 47,143. இந்த எண் எத்தனை தடவை போகிறதோ அத்தனை ஆசனம்: அ 3, ஆ 2, இ 1. ஒன்று மிச்சம். மீதி ஓட்டு அ 18,571, ஆ 5,714, இ 22,857. ஆக அந்தக் கடைசி ஆசனம் இ கட்சிக்கு. முடிவு 4, 2, 2.

இதிலிருந்து இரண்டு விஷயம். சுயேச்சைக் குழுவில் நல்ல பெண் நின்றாலும், குழு 5 வீதத்தைத் தாண்டாவிட்டால் அந்த ஓட்டு ஆசனக் கணக்கிலேயே வராது. "சிதறிப் போகும்" என்ற பேச்சு உண்மையாவது இங்கேதான். பெரிய கட்சியின் பட்டியலில் நிற்கும் தமிழ்ப் பெண்ணுக்குப் போடுகிற ஓட்டு அப்படிச் சிதறாது. முதலில் கட்சிக்குச் சேரும், பிறகு உள்ளே ஆளைத் தெரிவு செய்யும். தமிழ் ஓட்டு மட்டும் போதாத மாவட்டங்களில் இந்த வழிதான் நடைமுறை. 2024இல் இரத்தினபுரியிலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் வந்தது அப்படித்தான். தனித் தமிழ்ப் பட்டியல் போட்டால் அங்கே கணக்கு எட்டாது.

இப்போது விருப்பு வாக்கு. இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். மேலே சொன்ன 'இ' கட்சிக்கு இரண்டு ஆசனம். முதல் ஆண் 28,000, இரண்டாவது ஆண் 24,000, பெண் 22,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்குப் போட்டவர்களில் 3,000 பேர் "மூன்று இருக்கே, வீணாக்குவானேன்" என்று இரண்டாவது ஆணுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அந்த 3,000 பேர் அதை மட்டும் விட்டிருந்தால் அவருக்கு 21,000. பெண் உள்ளே போயிருப்பார். மூன்றையும் நிரப்ப வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஒன்றே ஒன்று போடலாம். மூன்று புள்ளடிக்கும் பெறுமதி ஒன்றுதான், முதலாவது இரண்டாவது என்ற வரிசையும் கிடையாது. பக்கத்துப் போட்டியாளர் யார் என்று தெரியாமல் மூன்றையும் நிரப்பினால் உங்கள் கையாலேயே உங்கள் ஆளைத் தள்ளிவிடுவீர்கள். கட்சிக்காரர்கள் "1, 4, 7" என்று மூன்று இலக்கம் அச்சடித்துத் துண்டு கொடுப்பார்கள். அந்த மூன்றும் கட்சிக்குள் யார் யாரோடு கூட்டு என்பதைக் காட்டும், அவ்வளவுதான்.

சீட்டு பழுதாகும் விதங்களையும் கூட்டத்தில் காட்டுங்கள். இலக்கத்தில் மட்டும் புள்ளடி போட்டு, கட்சியை விட்டுவிட்டால் முழுச் சீட்டும் நிராகரிப்பு. இரண்டு கட்சிக்குப் போட்டாலும் அதே. நாலு இலக்கத்துக்குப் போட்டால் கட்சி ஓட்டு நிற்கும், விருப்பு வாக்கு அத்தனையும் போகும். பெயர், கையெழுத்து என்று ஆளைக் காட்டிக்கொடுக்கிற எதையும் எழுதக் கூடாது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதிய பழக்கத்தில் இங்கேயும் எழுதுகிறவர்கள் உண்டு. இது வேறு முறை என்று தனியாகச் சொல்லுங்கள். ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மாதிரிச் சீட்டு வரைந்து எல்லாரையும் ஒரு தடவை போடச் சொன்னால் போதும், யாருக்கு எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும்.

மாகாண சபைக்கு எந்த முறையில் தேர்தல் நடக்கும் என்பது இன்னும் பாராளுமன்றத்தின் கையில். தேர்தல் முறையை மாற்றிய 2017 சட்டத்தின் எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறைக்குத் திரும்பினால் மூன்று விருப்பு வாக்குக் கணக்கு அப்படியே பொருந்தும்.

---

மடுவத்தடி எழுதியது:

பாராளுமன்றத்தை விடுங்கள். பெண்கள் உள்ளே போகிற கதவு பிரதேச சபையில்தான் இருக்கிறது, அந்தக் கதவில் ஓட்டையும் இருக்கிறது.

உள்ளூராட்சித் தேர்தலில் 60 வீதம் பேர் வட்டாரத்தில் நேரே வென்று வருகிறவர்கள், 40 வீதம் பேர் கட்சியின் மேலதிகப் பட்டியலில் இருந்து வருகிறவர்கள். சபையில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம். 2018 பெப்ரவரி தேர்தல்தான் இதன்படி நடந்த முதல் தேர்தல். அதற்கு முன் நாடு முழுவதும் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் இருந்த பெண்கள் அப்போது 25க்குச் சற்றுக் கீழே வரை ஏறினார்கள். ஏன் 25ஐத் தொடவில்லை? வட்டார வேட்பாளர்களில் 10 வீதம் பெண் இருந்தால் போதும், மேலதிகப் பட்டியலில்தான் 50 வீதம். கட்சி வட்டாரங்களில் ஆண்களை நிறுத்தி, தன் பங்குக்குரிய இடங்களை அங்கேயே வென்றுவிட்டால் பட்டியலில் இருந்து போட இடமே மிஞ்சாது. அடுத்தது, 20 வீதத்துக்குக் குறைவான ஓட்டு எடுத்து, மூன்றுக்குக் குறைவான உறுப்பினர் கிடைத்த கட்சிக்குப் பெண் கட்டாயம் இல்லை. மலையகத்தில் இப்படிச் சின்னச் சின்னதாக ஆசனம் எடுக்கிற கட்சி நிறைய.

இன்னொரு வலி: பட்டியலில் இருந்து யாரைப் போடுவது என்று முடிவு செய்கிறவர் கட்சிச் செயலாளர், அதுவும் தேர்தல் முடிந்த பிறகு. லயம் லயமாக ஏறி இறங்கிய பெண் வீட்டில் இருப்பார், யாரோ ஒருவரின் தங்கை உறுப்பினராக வருவார். உள்ளே போன பிறகு "லிஸ்ட்டு மெம்பர்தானே, உங்களுக்கு ஏது வட்டாரம்?" என்று நிதி ஒதுக்கீட்டில் கை வைப்பார்கள். "புருஷன் வந்து பேசுவான்" என்பதும் பெரும்பாலும் இப்படிப் போடப்பட்டவர்கள் விஷயத்தில்தான் நடக்கும். அதைப் பெண்ணின் குறை என்று சொல்கிறவர்கள் செயலாளரைக் கேட்பதில்லை.

ஆகவே கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை பெண்களை நிறுத்துகிறீர்கள்" என்பதல்ல. "எந்த வட்டாரத்தில்?" போன தேர்தலில் உங்கள் கட்சி முதலாவதாக வந்த வட்டாரங்களை எழுதி எடுங்கள், வட்டாரவாரி முடிவுகள் தேர்தல்கள் ஆணைக்குழுவிடம் உண்டு. அதில் ஒன்றையாவது பெண்ணுக்குக் கேளுங்கள். தோற்கிற வட்டாரத்தில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு "பாருங்க, பொம்பளைக்கு மக்கள் போடல" என்று சொல்வது பழைய வித்தை. பட்டியலில் முதலாவதாக யாரைப் போடுவோம் என்பதை மனுத் தாக்கலுக்கு முன்பே கடிதமாக வாங்கி வையுங்கள். சட்டத்தில் அந்தக் கடிதத்துக்குப் பலம் இல்லை, ஆனால் தலைவருக்கு அடுத்த தேர்தலிலும் உங்கள் ஓட்டு வேண்டும்.

மனுவே தள்ளுபடி ஆகாமல் பார்ப்பது வேறு வேலை. 2025 உள்ளூராட்சித் தேர்தலில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி உறுதிப்படுத்தப்படவில்லை, உறுதியுரை இல்லை என்று பல மனுக்கள் நிராகரிக்கப்பட்டு விஷயம் நீதிமன்றம் வரை போனது. தோட்டத்துப் பெண்களுக்கு இது இரட்டைச் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் ஓர் எழுத்து, வாக்காளர் இடாப்பில் கணவர் பெயரோடு இன்னொன்று. மூன்றையும் இப்போதே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்தம் போட நாள் எடுக்கும், மனு அறிவித்தல் வந்த பிறகு ஓடினால் நடக்காது.

தெரிவாகி வந்தவர் தோட்டத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் "தோட்ட ரோட்டுக்குச் சபைக் காசு போட முடியாது" என்று 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டுவார்கள். 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. நுவரெலியா, அம்பகமுவ சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் வந்தாகிவிட்டது. இன்னும் அந்தப் பழைய பதிலைச் சொல்கிற உறுப்பினர் சட்டம் படிக்கவில்லை, அல்லது உங்களை ஏய்க்கிறார்.

---

சிவனொளி எழுதியது:

மேலே சொன்னவர்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஒரு இடம் தவிர. பெரிய கட்சிப் பட்டியலில் நிற்கும் தமிழ்ப் பெண் என்றால் சரி என்று கணக்கப்பிள்ளை பேரன் கொஞ்சம் சுலபமாகச் சொல்லிவிட்டார். பட்டியல் அழகுக்காக ஒரு தமிழ்ப் பெயரும் ஒரு பெண் பெயரும் சேர்ப்பது எல்லாக் கட்சிக்கும் பழக்கம். இரண்டையும் ஒரே ஆளில் முடித்தால் அவர்களுக்கு இன்னும் லாபம்.

சோதிக்க ஒரு வழி உண்டு. அந்தக் கட்சியின் தமிழ்த் துண்டுப் பிரசுரத்தையும் சிங்களத் துண்டுப் பிரசுரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை எந்த லயத்திலும் ஒன்றாவது இருக்கும். தமிழில் "7 பேர்ச் காணி, தனி வீடு" என்று இருப்பது சிங்களத்தில் இருக்கிறதா? படத்தில் தமிழ் வேட்பாளர் இருக்கிறாரா, வெட்டப்பட்டிருக்கிறாரா? டவுன் கூட்டத்தில் மற்ற மக்களுக்கு முன்னால் நம் காணி உரிமையைப் பற்றிப் பேசத் துணிகிற சிங்கள வேட்பாளர் இருந்தால், அவருக்கு ஒரு விருப்பு வாக்கு கொடுப்பதில் தப்பில்லை. இனவாதம் நமக்கும் உண்டு. "கள்ளத்தோணி", "தோட்டக்காட்டான்" என்று நம்மைச் சொன்னது வலிக்கிறது, ஆனால் சாதி பார்த்துக் கோயில் கமிட்டியில் ஆளைத் தள்ளுகிறவரையே தலைவர் ஆக்குகிறோம்.

வேட்பாளரிடம் கேட்கும் கேள்வி சின்னதாக, பதில் தப்பிக்க முடியாததாக இருக்கட்டும். "பெண்களுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் "கண்ணைப் போல் காப்பேன்" என்பார். பதிலாக இப்படிக் கேளுங்கள்: கொழுந்து பறிக்கிற மலையில் கழிவறை இல்லாததற்கு யாரிடம் என்ன எழுதுவீர்கள்? மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கிற கிலோவைப் பற்றி உங்கள் சங்கம் எழுதிய கடிதம் இருக்கிறதா? கிலோ குறைந்தால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போடுவதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? பிள்ளைக்காம்பராவில் (வேலை நேரத்தில் பிள்ளைகளை விடும் இடம்) எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆயா? பெண் வேட்பாளரிடமும் இதையேதான் கேட்க வேண்டும். ஆணிடம் ரோடு, பெண்ணிடம் "வீட்டை எப்படிப் பார்த்துக்கொள்வீங்க" என்று கேட்பதை நிறுத்தினாலே பாதிப் பாரபட்சம் வெளியே தெரியும்.

நேரமும் இடமும் முக்கியம். கூட்டத்தை இரவு எட்டு மணிக்குக் கோயில் முன்னால் வைத்தால் வருவது ஆண்கள், பாதிப் பேர் போதையில். காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிப்பது) முடிந்ததும் முடியாது, மலைக்குப் போயாக வேண்டும். ஞாயிறு பகல், பிள்ளைகளையும் கூட்டிவரலாம் என்று சொல்லி வைத்தால்தான் பெண்கள் வாய் திறப்பார்கள்.

பெண் வேட்பாளர் களத்தில் இறங்கியதும் முதலில் வருவது நடத்தையைப் பற்றிய கதை. இப்போது வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் ஒட்டிய படத்தோடு வருகிறது. வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய் பரப்புவது தேர்தல் சட்டப்படி குற்றம். அவர்கள் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதில் திகதி, நேரம், பக்கத்தின் முகவரி தெரிய வேண்டும். வெறும் படம் மட்டும் இருந்தால் முறைப்பாடு பலவீனமாகிவிடும். மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கும் பொலிசுக்கும் இரண்டு இடத்திலும் கொடுங்கள்.

சாராயப் போத்தல், சாப்பாட்டுப் பார்சல் கொடுத்து ஓட்டுக் கேட்பதும் குற்றம். கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கி, மீறினால் சாமி குத்தம் என்று பயம் காட்டுவதும் தகாத செல்வாக்குக்குள் வரும். அதைவிடப் பெண்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: மறைப்புக்குள் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று கணவருக்கும் தெரியாது, தலைவருக்கும் தெரியாது, தோட்டத்துத் துரைக்கும் தெரியாது.

---

பொகவந்தலாவை மாதர் குழு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மாதிரிச் சீட்டும் இரண்டு மொழித் துண்டுப் பிரசுரமும் கட்டாயம் செய்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் கொழும்பில் கடையிலும் வீட்டு வேலையிலும் இருக்கிறார்கள், லீவு கிடைக்காது என்கிறார்கள். அடுத்தது, வாக்காளர் அட்டை தோட்ட ஆபீசுக்கு வந்து அங்கேயே கிடக்கிறது.

---

கணக்கப்பிள்ளை பேரன் எழுதியது:

அட்டை கையில் இல்லாவிட்டாலும் ஓட்டுப் போடலாம் அக்கா. இடாப்பில் பெயரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால் போதும். சாவடி எது, வரிசை இலக்கம் எது என்று தெரியத்தான் அந்த அட்டை. இடாப்பைக் கிராம உத்தியோகத்தரிடம் பார்க்கலாம், ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கம் போட்டும் பார்க்கலாம். லயத்தில் ஒரே விலாசத்தில் பல குடும்பம் இருப்பதால் புதிதாக 18 ஆன பிள்ளைகளின் பெயர் விடுபடுவது அதிகம், அதை முதலில் பாருங்கள். அடையாள அட்டையே இல்லாதவருக்குத் தேர்தலுக்கு மட்டும் தற்காலிக அட்டை எடுக்கலாம், புகைப்படத்தோடு கிராம உத்தியோகத்தர் மூலம். கடைசி நாள் ஒன்று அறிவிப்பார்கள், அதற்குப் பிறகு எடுக்க மாட்டார்கள்.

லீவு விஷயம்: தனியார் முதலாளி சம்பளத்தோடு குறைந்தது 4 மணி நேரம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தூரத்துக்கு ஏற்ப மனித உரிமைகள் ஆணைக்குழு சொன்ன அளவு உண்டு: 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150க்கு மேல் இரண்டு நாள். கொழும்பிலிருந்து பொகவந்தலாவைக்கு ஒன்றரை நாள் கேட்கலாம். வாயால் கேட்டால் மறந்துபோகும். எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். தேர்தலுக்கு முதல் நாள் ஹட்டன் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது, டிக்கெட்டையும் லீவுக் கடிதத்தோடு சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.